என் கையும் விபினின் பல்லும்

மட்டாஞ்சேரி
21.9.2025, ஞாயிறு, காலை ஏழரை

அன்புள்ள வாப்பாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? உம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

நேற்று, போதை மருந்து காய்ச்சுகிறவர்களைப் பற்றி டிவியில் வந்த ஆவணப்படத்தில் என் இடது கை ஆறு தடவை வந்தது. பயப்படாதீர்கள். மசாலா எண்ணெய் பற்றிய படம் என்று சொல்லித்தான் விபின் என்ற டைரக்டர் எங்கள் லேபுக்கு வந்தான். நான் கிராம்பு எண்ணெய் வடித்துக் காட்டினேன். அதை 'ரகசியக் கூடம்' என்று போட்டுவிட்டான். என் முகத்தை மறைத்தவன், அந்தக் கையில் உம்மாவின் அடுப்பில் நான் சுட்டுக்கொண்ட தழும்பை மறைக்கவில்லை. அதை வைத்தே எல்லோரும் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"வா மோனே, இன்னைக்கு சாயா நீயே போடு, உன் சரக்குலதான் கிக்காம்!" என்கிறார் சாயாக்கடை சைபுதீன் இக்கா. கடையே சிரிக்கிறது. வீட்டுக்கார ஓமனா சேச்சி சிரிக்கவில்லை. "ஒண்ணாந்தேதிக்குள்ள ரூமை ஒழிஞ்சு தா" என்றுவிட்டார்.

முழுக்கைச் சட்டை இரண்டு அனுப்புங்கள். இங்கே மழை.

விபினை விடமாட்டேன். படம்பிடிக்க வந்த அன்று அவனுக்குப் பல்வலி. நான் வடித்த அதே எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஈறில் வைத்துக்கொண்டு, "ஹாவூ, எந்தொரு சுகம்!" என்றான். அந்த வீடியோ என் போனில் இருக்கிறது.

அவசரமாக முடிக்கிறேன்.
உங்கள் மகன்,
ரிபாய்

இனி நான் செய்யப்போவது:
1. சேனலுக்கு வக்கீல் நோட்டீஸ். படம் வந்த அதே நேரத்தில், டிவியிலேயே மன்னிப்புக் கேட்கவேண்டும்.
2. வீடியோவை ஊரெல்லாம் பரப்புவேன். தலைப்பு: 'ரகசியக் கூடத்தின் முதல் கிராக்கி'.
3. ஓமனா சேச்சியையும் கூட்டிப்போய், சைபுதீன் கடையில் அதைச் சத்தமாக ஓடவிடுவேன்.
4. அங்கே அரைக்கைச் சட்டையில்தான் உட்காருவேன். முழுக்கைச் சட்டை வேண்டாம், வாப்பா.