குடங்களை எண்ணிக் கோப்பை வாங்கிய கதை, பர்வீனுக்கு

என் கூட்டுக்களவாணியே, என் சிரிப்பில் பாதியே, பர்வீனே,

அங்கே தண்ணி எப்படி வருகிறது? குழாய் எத்தனை? வரிசை உண்டா? உண்டு என்றால் நீ இந்நேரம் யார் குடத்தையோ இடம் மாற்றி வைத்துவிட்டு, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாய். எனக்குத் தெரியாதா உன்னை?

நீ காய்ச்சலில் போனதிலிருந்து எல்லோரும் உன்னைப் பற்றி நல்லவிதமாகவே பேசுகிறார்கள். சகிக்கவில்லை. ‘அமைதியான மாணவி’ என்று இரங்கல் கூட்டத்தில் படித்தார்கள். நீ அமைதியா? பிறகு ஒரு நிமிட மௌனம். பாதியில் யாருடைய போனோ குத்துப்பாட்டு அடித்தது. அன்றைக்கு உனக்குப் பொருத்தமாக நடந்தது அது ஒன்றுதான்.

இப்போது என் செய்தி. நான் முதல் பரிசு வாங்கிவிட்டேன். கைதட்டாதே. முழுக்கக் கேட்டால் நீயே காறித் துப்புவாய்.

அறிவியல் கண்காட்சிக்கு நாம் ஆரம்பித்த வேலை நினைவிருக்கிறதா? பைத்தான் கணினி மொழியில் சிம்பை என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, வரிசை, காத்திருப்பு எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே நடத்திப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது, “சிம்பையா, சொம்பையா?” என்று கேட்டாய். பேருந்து வரிசை வேண்டாம், சந்தை வரிசை வேண்டாம், நம் தெரு ஃபில்டர் குடிதண்ணி வரிசையையே போடலாம் என்று சொன்னதும் நீதான்.

மூன்று நாள் காலையில், குழாய் திறந்ததும் அரை மணி நேரம், தண்ணித் தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம். நான் வரிசையில் இருந்த குடங்களை எண்ணினேன். நீ போனில் நேரம் பிடித்தாய். “கொடத்த வெச்சாச்சு… ரொம்பிடுச்சு… எழுதுடி!” ஒரு குடம் ரொம்புவதற்கு எத்தனை நொடி என்று நீ கத்தினதை எல்லாம் எழுதிக்கொண்டேன். நான்காம் நாள் உனக்குக் காய்ச்சல்.

மீதி நிரலை நான் தனியாக எழுதினேன். எழுதுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. குழாயை ஒரு வளம் என்று அறிவிக்க வேண்டும். கொள்ளளவு ஒன்று என்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். ஒவ்வொரு குடமும் ஒரு ஆள். வரும், நிற்கும், முறை வந்தால் பிடிக்கும், போகும். அவ்வளவுதான் வாழ்க்கை.

இதில் ஒரு வினோதம் உண்டு. சிம்பையின் கடிகாரம் ஓடாது, தாவும். அடுத்த சம்பவம் எப்போதோ நேராக அங்கே போய்க் குதிக்கும். நடுவில் ஒன்றும் நடக்காத நேரத்தை அது வாழ்வதே இல்லை. உன் காய்ச்சலுக்கும் உன் ஜனாஸாவுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை எந்தக் கணினியாவது இப்படித் தாண்டிக் காட்டட்டுமே, பார்ப்போம்.

ஓட்டிப் பார்த்தேன். சராசரிக் காத்திருப்பு பதினோரு நிமிடம். ஆறு மணிக்குத் திறக்கும் குழாயில் ஏழு மணிக்கெல்லாம் வரிசை காலி. நீலத்தில் ஒரு வரைபடம், அழகாக மலையேறி இறங்கியது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பரிசாக ஒரு தங்கநிறப் பிளாஸ்டிக் கோப்பை. சான்றிதழில் என் பெயர் மட்டும்தான். உன் பெயரையும் போடச் சொன்னேன். “இல்லாதவங்க பேரு போட முடியாதும்மா” என்றார்கள், வரவில்லை என்று வருகைப் பதிவில் குறிப்பது போல. வாங்கும்போதே கை கூசியது. கோப்பை இப்போது எங்கள் வூட்டுக் குளியலறையில் சொம்பாக வேலை பார்க்கிறது. சிம்பை சொம்பையானது. நீ கேட்டது நடந்துவிட்டது.

இனிமேல்தான் நாற்றம்.

கண்காட்சிக்கு நம் தெருத் தண்ணீர்க் குழுத் தலைவரும் வந்திருந்தார். தெரியுமல்லவா, சின்னசாமி மாமா, சிரித்தால் மீசை மட்டும் சிரிக்கும். என் வரைபடத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். பிடிக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. இரண்டு நாளில் தெருக் கூட்டம். நம் தொட்டியில் கெட்டுக் கிடக்கிறதே இரண்டாவது குழாய், அதைச் சரிபண்ணத் தேவையில்லையாம். அந்த இணைப்பை அவர் மச்சான் கட்டும் கல்யாண மண்டபத்துக்குத் திருப்பிவிடலாமாம். “நம்ம தெரு புள்ளயே கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டிருச்சு. பதினோரு நிமிசம். ஒரு கொழாயே தாராளம்.” கூட்டத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை வேறு ஆட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அடுத்த வாரம் அம்மாவுக்குக் கால் சுளுக்கு. தண்ணிக்கு நான் போனேன். எப்போதும் போல ஒரு குடத்தை வரிசையில் வைத்தேன், மற்ற நான்கையும் சுவரோரம் அடுக்கினேன். முறை வந்தது. ஒன்று ரொம்பியது, இரண்டு ரொம்பியது, மூன்றாவதை வைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “சீக்கிரம் புள்ள, அஞ்சயும் ரொப்பிக்கினு நவுரு.”

அஞ்சு.

பர்வீன், வரிசையில் நிற்பது குடம் இல்லை, வூடு! ஒரு குடம் இடம் பிடிக்கும், முறை வந்தால் அந்த வூட்டின் மொத்தக் குடமும் பின்னாலேயே வரும். சிலருக்கு நாலு, சிலருக்கு ஏழு. இது நம் தெருவில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததனால்தான் நமக்குத் தோன்றவே இல்லை. நானோ ஒரு குடம் ஒரு ஆள் என்று எழுதித் தொலைத்தேன். நீயும்தான், குடக்கடைக்காரர் மகளே! மூன்று நாள் சுவரில் உட்கார்ந்து கத்தினாயே, ஒரு ஆளுக்கு எத்தனை நேரம் என்று ஒரு தடவையாவது பிடித்தாயா?

அன்று மாலையே திருத்தினேன். ஒவ்வொரு குடத்துக்கும் அதன் வூட்டை ஒட்டவைத்தேன். எட்டு மணிக்குக் குழாய் மூடுவதையும் சேர்த்தேன். மறுபடி ஓட்டினேன். மலை ஏறியது, இறங்கவே இல்லை. எட்டு மணிக்கு வரிசையின் கடைசிக் குடங்கள் காலியாகவே நின்றன. யாருடையவை என்று பார்க்கக் கணினி தேவையில்லை. தெருக்கோடி வூடுகள். உங்கள் வூடு. முறை கிடைக்காத நாளில் உங்கள் வூட்டில் என்ன குடிக்கிறார்கள்? ஃப்ளோரைடு கலந்த போர் தண்ணி.

நீ ஏன் எப்போதும் கையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாய் என்று புதிதாக வந்த டீச்சர் கேட்டதும், “வெக்கம் மிஸ்” என்று நீ சொன்னதும் எனக்கு மறக்காது. போர் தண்ணி உன் பல்லில் போட்ட பழுப்புக் கோடுகளுக்கு நீ வைத்த பெயர் வெட்கம். இப்போது உன் தங்கச்சி ரிஸ்வானாவுக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. போன வாரம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தேன். பொத்திக்கொண்டாள், உன்னைப் போலவே. எட்டு வயதுடி அவளுக்கு.

பள்ளியில் போய்ச் சொன்னேன். “பரிசு வாங்கியாச்சுல்ல, எதுக்கும்மா கிளறுற? ஸ்கூல் பேரும் போயிடும்” என்றார் மிஸ். தலைவரிடம் போனேன். அவர் ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா சாமி?”

“கம்ப்யூட்டரு சொல்லலிங்க மாமா. நான் சொன்னத அது திருப்பிச் சொல்லிச்சி. தப்பு என்னுதுங்க.”

“சின்னப் புள்ள ஒரு நாள் ஒண்ணு சொல்லும், மறுநாள் ஒண்ணு சொல்லும். போயி படிக்கிற வேலையப் பாரு.”

முதல் கணக்கைச் சொன்னபோது நான் கணினி மேதை. இரண்டாம் கணக்குக்குச் சின்னப் புள்ள. ச்சீ.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். ரொம்ப நேரம் ஆகவில்லை. பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துத் தொட்டிச் சுவரில் ஒட்டினேன்: ‘தலைவர் ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் கணக்குப்படி, இன்று முதல் வரிசையில் நிற்கும் ஒரு குடத்துக்கு ஒரு குடம் தண்ணீர் மட்டும். மற்ற குடங்கள் வரிசையின் கடைசிக்குப் போகவும்.’ காலை ஆறு மணிக்குக் குழாயடியில் நானே விசில் வைத்துக்கொண்டு நின்றேன். விசில் உன்னுடையது, விளையாட்டு விழாவில் பி.இ.டி. மிஸ்ஸிடம் நீ சுட்டது.

முதல் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது ஆள் வைதார். நான்காவதாகத் தலைவர் மனைவி சரோஜா அத்தை. வரிசையில் ஒரு குடம், மொபெட்டில் ஆறு குடம். முதல் குடம் ரொம்பியதும் விசில் ஊதினேன்.

“எவடி இவ? நவுருடி!”

“மாமாவோட கணக்குங்க அத்த. பதினோரு நிமிசம் வரணும்னா ஒரு குடந்தான். மீதி ஆறும் கடைசிக்குப் போவணுங்க.”

“கடைசிக்கா? எட்டு மணிக்கு மூடிருவான்டி! எங்க வூட்ல சோறாக்க வேணாமா?”

“தெருக்கோடி வூட்ல வேணாங்களா அத்த?”

அத்தை கையிலிருந்த குடத்தை டங்கென்று கீழே வைத்தார். பிறகு வந்தது பார், அர்ச்சனை. எனக்குப் பாதி, ஊஞ்சலில் இருந்த ஆளுக்குப் பாதி. வரிசை முழுக்கக் கூடிக் கத்தியது. சத்தம் கேட்டுத் தலைவரே வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அத்தை அவர் கையில் காலிக் குடத்தைத் திணித்தார். “போ, போயி கடைசியில நில்லு. உங் கணக்குதான இது?”

அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். தப்பாக எண்ணியது நான், நீங்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு குடம் இல்லை, பரிசு வாங்கிய கணக்கு பொய் என்று. பரிசு வாங்கும்போது கூசிய கை அப்போது கூசவில்லை. மேடையை விடக் குழாயடி மேல்.

மண்டபத்துக்குப் போகவிருந்த இணைப்பை நிறுத்திவிட்டார்கள். பிளம்பர் வந்து இரண்டாவது குழாய்க்குப் புது வாய் மட்டும் மாட்டியிருக்கிறார். தண்ணீர் இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். அவர்கள் சொன்னால் நம்புகிற ஜாதியா நாம்?

உன்னைப் பெற்ற அம்மியிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சுற்றினேன். கடைசியில் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“பர்வீனும் அப்பிடித்தான் எண்ணுனாளா?”

“ஆமா அம்மி. ரெண்டு பேருந்தான்.”

“குடக்கடையில பொறந்து வளந்தவ!” அம்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. “ரெண்டு கழுதைங்களும் ஒண்ணா எண்ணுனா இப்பிடித்தான்.” சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் அதுதான் நடந்தது. ரிஸ்வானா ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கையைத் தூக்கப் போனாள். நான் பிடித்துக்கொண்டேன். அவள் பல்லிலும் கோடு இரண்டு இருக்கிறது, பர்வீன். இன்னும் பல் முளைக்க வேண்டியிருக்கிறது.

சத்தியம் ஒன்று தருகிறேன். இரண்டாவது குழாயில் தண்ணி விழும் நாள் வரை, ஒவ்வொரு காலையும் உங்கள் வூட்டுக் குடத்தை நான்தான் வரிசையில் வைப்பேன், என் குடத்துக்கு முன்னால். யார் கேட்டாலும், “ஒரே வூடுதாங்க” என்று சொல்லிக்கொள்கிறேன்.

அம்மி வயிற்றில் பிறக்காத உன் அக்காவோ தங்கையோ, யார் மூத்தவள் என்ற சண்டை இன்னும் தீராத,
சௌமியா