திரானியில் அக்கா

நவ. 10, திங்கள். ராஜபாளையம்.

விடியும்போதே மழை. பெட்டி இன்னும் கட்டி முடியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் பால்கோவா இரண்டு கிலோ (மடத்து சிஸ்டர்களுக்கு). இட்லிப்பொடி. சேவு. மச்சினனின் ஸ்வெட்டர், இரவல். பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் பத்து நாள் லீவு. மெக்கானிக் நான் இல்லாமல் ஓட்டிக்கொள்வார்கள்.

அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து இருபத்தாறு வருடம். அதில் பதினெட்டு வருடம் இத்தாலியில், திரானி என்ற கடற்கரை ஊரில், முதியோர் இல்ல வேலை. இப்போது மடத்தை விட்டு வெளியே வரப்போகிறாளாம். அம்மாவுக்குக் கடிதம். எனக்குத் தனியாக ஒரு வரி: ஒரு தடவை வந்து ஊரைப் பார்.

கிளம்பும்போது அம்மா சொன்னது: "அவ மனசை மாத்திட்டு வா. இல்லன்னா இந்த வாசல்ல கால் வைக்கப்பிடாது. கோயில்ல அவிய இவிய மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தலையாட்டினேன்.

நவ. 12, புதன். திரானி.

காதை அறுக்கும் காற்று. ஸ்டேஷனில் அக்கா, சாம்பல் நிற மடத்து உடுப்பில். இளைத்திருக்கிறாள்.

"ஏலே அருளு, தொப்பை போட்டுட்டியேலே!"

அவ்வளவுதான். உடனே நடை. துறைமுகம், அரைவட்டமாகப் படகுகள். மீன்காரர்கள் கூவுவது நம் சந்தை மாதிரியே. சந்துக்குள் யூதர்களின் பழைய தொழுகைக்கூடம். எல்லாம் வெள்ளைக் கல். நான் வாய் திறந்தால் அடுத்த கட்டடத்தைக் காட்டுகிறாள். பயம் எனக்கா, அவளுக்கா?

நவ. 13, வியாழன்.

கோட்டை. கடல் மதிலை ஒட்டி அடிக்கிறது. ராஜா கட்டியது. பிறகு ரொம்ப காலம் ஜெயில். குறுகிய ஜன்னல்கள். ஏன் மடத்தை விடுகிறாள் என்று இங்கேயே கேட்டுவிடலாமா? ஜெயிலில் வைத்தா? கேட்கவில்லை.

மதியம் பாஸ்தாவில் இட்லிப்பொடி தூவினேன். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவிடமிருந்து மூன்று மிஸ்டு கால். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

நவ. 14, வெள்ளி.

கடலோரப் பேராலயம். எம்புட்டு உயரம்! நிலவறையில் தூண் தூணாக. நான் முழங்காலிட்டேன். எழுந்து பார்த்தால் அக்கா நின்ற இடத்திலேயே நிற்கிறாள். மணிக்கூண்டுக்கு அடியில் ஒரு வளைவு, அதற்குள் கடல் தெரிகிறது. அங்கே கேட்டே விட்டேன்.

"யக்கா, மடத்துல யாரும் ஏதாவது சொன்னாகளா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. வயசானவியளக் குளிப்பாட்டுறேன், தூக்குறேன், அதெல்லாம் சந்தோஷமாத்தான் செய்யுறேன். செபந்தான் வரல. நாலு வருஷமா வாய் மட்டும் அசையுது. இந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு எம்புட்டு நாளைக்குலே பொய் சொல்ல?"

அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். முடிக்கும்போது எனக்கே கூசியது. அக்கா காற்றில் விலகிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"மடத்தை விட்டுப் போக ரோம்ல இருந்து அனுமதி வந்தாச்சு. உன் ஃப்ளைட்டுலயே எனக்கும் டிக்கெட் போட்டிருக்கேன். தனியா வந்து இறங்கப் பயமா இருந்துச்சு. அதான் உன்னைய வரச்சொன்னேன்."

ஊர் பார்க்க இல்லை. துணைக்கு.

நவ. 16, ஞாயிறு.

தூறல். அம்மாவுக்கு நானே போன் போட்டேன்.

"அக்கா எங்கூட வாரா. மனசை மாத்துன்னு நான் சொல்ல மாட்டேம்மா. அவளை வாசல்ல நிக்க வச்சா நானும் நிப்பேன்."

போன் கட். அம்மாவிடம் இப்படிப் பேசியதே இல்லை. துறைமுகம் வரை நடை, திரும்பி வந்து மறுபடியும் நடை. மீன்காரர் ஒருவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். புரியவில்லை, சிரித்து வைத்தேன்.

நவ. 20, வியாழன். ராஜபாளையம்.

மழை விட்டிருந்தது. மதுரையிலிருந்து கார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். ஸ்ரீவி. கோபுரம் தெரிந்ததும் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். மடத்து உடுப்பு இல்லை, பச்சைச் சுடிதார்.

வாசலில் அம்மா. அக்கா படியேறவில்லை. நானும்தான். எதிர்வீட்டு ஜன்னலில் ஆட்கள்.

அம்மா இறங்கி வந்தார். முக்காடு இல்லாத அக்கா தலையை இருபத்தாறு வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறார். காதோரம் தொட்டார்.

"ஏட்டி, இம்புட்டு நரைச்சுப் போச்சே."

பிறகு என்னிடம், எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி: "என்னலே பாத்துக்கிட்டு நிக்க? பெட்டியை எடுத்து உள்ள வை."