இரண்டாம் தளத்தில் தூக்கம் வராத காரணம்

அனுப்புநர்:
பெண்கள் தொடர் ஓட்ட அணியில் கடைசிச் சுற்று ஓடுபவர் (வயது 23),
பெண்கள் விடுதி, இரண்டாம் தளம்,
உயர்நிலைத் தடகளப் பயிற்சி மையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விளையாட்டுத் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: பெண் வீரர்களின் உறக்கக் குறைவுக்கு உடல் இயல்பே காரணம் என்ற அறிக்கையை மறுத்தல் – தூக்க மாத்திரை உத்தரவை நிறுத்தக் கோருதல் – அறைக் கதவுகளில் உள்தாழ்ப்பாள் பொருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பயிற்சி மையத்தின் உறக்க அறிக்கை. 2. விடுதிக் கண்காணிப்பாளர் ஒட்டிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து ஆண், பெண் வீரர்கள் அனைவரும் கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறோம். நாங்கள் எப்போது கண் அயர்கிறோம், எப்போது விழிக்கிறோம் என்பதை அந்தப் பட்டை அப்போதைக்கப்போதே விடுதிக் கண்காணிப்பாளர் அறையிலுள்ள கணினிக்கு அனுப்பிவிடும். அதை வைத்துத் தயாரித்த அறிக்கையில், ஆண்கள் நீண்ட நேரம் தடையின்றித் தூங்குவதாகவும், பெண்கள் குறைவாகவும் விட்டு விட்டும் தூங்குவதாகவும் உள்ளது. அது உண்மைதான். காரணம் "பெண்களின் உடல் இயல்பும் பதற்ற மனநிலையும்" என்று மையத்தின் அறிவியல் ஆலோசகர் எழுதியிருக்கிறார். அதைத்தான் மறுக்கிறேன்.

2. வரும் திங்கள் முதல் பெண் வீரர்கள் ஒவ்வொருவரும் படுக்கப் போகுமுன் கண்காணிப்பாளர் முன்னிலையில் ஒரு தூக்க மாத்திரை விழுங்க வேண்டும் என்றும், மறுப்பவர்கள் அணித் தேர்வில் ஓட முடியாது என்றும் சுற்றறிக்கை ஒட்டப்பட்டுள்ளது. தேர்வில் ஓடாவிட்டால் விடுதியில் இடம் போகும். இடம் போனால் எனக்கு ஓட்டமே போகும். அதனால்தான் மேலதிகாரிகளைத் தாண்டித் தங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

3. அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. மாதத்தில் சில நாட்கள் என் உடம்பு என்னைத் தூங்கவிடாது என்பது ஆலோசகரைவிட எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அறிக்கையில் எல்லாம் இருக்கிறது: மெத்தையின் தடிமன், அறையின் வெப்பம், நாங்கள் குடிக்கும் காபி. இரு தரப்பும் ஒரே மாதிரியான கதவுக்குப் பின்னால்தான் தூங்குகிறார்களா என்ற கேள்வி மட்டும் இல்லை.

4. ஒரே மாதிரியான கதவு இல்லை, ஐயா. சென்ற ஆண்டு ஒரு வீராங்கனை தாழிட்ட அறைக்குள் மயங்கி விழுந்தார் என்று சொல்லி, பெண்கள் விடுதியில் எல்லா உள்தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டார்கள். பாதுகாப்புக் காரணமாம். அதே ஆண்டு ஆண்கள் விடுதியில் ஒருவர் தாழிட்ட குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அங்கே ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடவில்லை.

5. தாழ்ப்பாள் போனபின், இரவு சாத்திய கதவு காலையில் திறந்து கிடப்பதைப் பல அறைகளில் பார்த்தோம். கண்காணிப்பாளரிடம் முறையிட்டோம். "காத்துல திறந்திருக்கும்மா. ஓடுற பிள்ளைங்களுக்கு இவ்வளவு பயமா?" என்று சிரித்தார். எங்கள் கதவைக் கைப்பிடியைத் திருகினால்தான் திறக்க முடியும். கைப்பிடியைத் திருகத் தெரிந்த காற்றை நான் இதுவரை கண்டதில்லை.

6. அன்றிலிருந்து நானும் என் அறைத்தோழியும் முறை வைத்துக்கொண்டோம். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருப்போம். பாதி இரவில் தோளைத் தட்டி மாற்றிக்கொள்வோம். பக்கத்து அறைகளிலும் அப்படித்தான். தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றிப் பழகியவர்கள். தூக்கத்தையும் அப்படியே கைமாற்றுகிறோம். ஆலோசகர் கண்டுபிடித்த "விட்டு விட்டுத் தூங்கும் பெண் இயல்பு" இதுதான். என் அறைத்தோழி இங்கே வருவதற்கு முன் ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியவர். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டதற்காக வீட்டில் வசவு வாங்கியவர். இப்போது பல்லி ஊர்ந்தால் எழுந்து உட்காருகிறார். அவருக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் அலாரம்.

7. என் தம்பியும் இதே மையத்தில் நீளம் தாண்டுதல் வீரர். ஆண்கள் விடுதியில் இருக்கிறார். "நாங்க படுத்தா பொணம், நீங்க படுத்தா போலீஸ், அக்கா" என்று உணவறையில் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். நான் கதவு விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையா? நெசமாவா?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரே வளாகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறோம், அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

8. தூங்காதது என் உடம்பா, என் அறையா என்று பார்த்துவிடலாம் என்று தம்பிதான் சொன்னார். ஒரு வாரம் என் பட்டையை அவரும் அவர் பட்டையை நானும் கட்டிக்கொண்டோம். இது விதிமீறல், ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரம் என் பெயரில் பதிவான தூக்கத்தைப் பார்த்து ஆலோசகர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "பாத்தியாம்மா, மனசு வச்சா முடியுதுல்ல?" என்றார். பெண் வீரர்களுக்கு முன்மாதிரி என்று என் பெயரைப் பலகையில் எழுதினார்கள். தம்பியின் பெயருக்கு எதிரே, கவனச் சிதறலா, காதலா என்று விசாரிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினார்கள். மாத்திரை போடச் சொல்லி மட்டும் எழுதவில்லை.

9. இதோடு முடிந்திருந்தால் நாங்களும் சிரித்திருப்போம். அதே வாரத்தில் ஒரு நாள் என் அறைத்தோழி தன் முறைக்குத் தூங்கிக்கொண்டிருந்தார். என் பட்டை ஆண்கள் விடுதியில் தம்பியின் கையில் இருந்தது. பட்டை யார் கையில், எந்த இடத்தில் இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியாது. ஆகவே அந்தத் திரையில், பல மாதங்களில் முதல் முறையாக, எங்கள் அறையில் இரண்டு பேரும் தூங்கிவிட்டதாகத் தெரிந்திருக்கும். நான் இருட்டில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் விழித்து உட்கார்ந்திருந்தேன். கைப்பிடி மெதுவாகத் திரும்பியது. கதவு திறந்தது. கைவிளக்கின் வெளிச்சம் தரையில் விழுந்து, அறைத்தோழியின் கட்டில் வரை சென்று அங்கேயே நின்றது.

10. நான் "யாரு?" என்று கத்தினேன். விளக்கு அணைந்தது, செருப்பில்லாத காலடிகள் படிக்கட்டுப் பக்கம் ஓடின. முகம் தெரியவில்லை. அதனால் இந்த மனுவில் யார் பெயரையும் நான் எழுதவில்லை. படிக்கட்டுக் கதவின் சாவி ஓர் அறையில் மாட்டப்பட்டிருக்கிறது. நாங்கள் தூங்குகிறோமா என்று காட்டும் திரையும் அதே அறையில் இருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரிந்ததைப் போல எதையும் சொல்ல மாட்டேன்.

11. மறுநாள் காலை பயிற்சியாளரிடம் சொன்னேன். "தேர்வு முடியட்டும்மா. இப்ப இதைக் கிளப்புனா உனக்குத்தான் கஷ்டம்" என்றார். எனக்கு என்ன கஷ்டம், யாரால் என்று கேட்டேன். நிறுத்துகடிகாரத்தைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார். கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி நாங்களே பொருத்தினோம். மாலைக்குள் அதைப் பிடுங்கிவிட்டு, மையத்தின் சொத்தைச் சேதப்படுத்தியதாக எங்கள் இருவருக்கும் எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில்தான் மாத்திரைச் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது.

12. ஐயா, எனக்குச் சந்தேகப் புத்தி என்று சொல்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனாலும் கேட்கிறேன். எங்கள் உணவில் முட்டை வேண்டும் என்று கேட்டு ஒரு பருவம் காத்திருந்தோம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. எங்கள் தூக்கத்தின்மேல் மட்டும் இத்தனை அவசர அக்கறை எங்கிருந்து வந்தது? உடம்பு சரியில்லை என்றால் மருத்துவர் முன்னிலையில் மாத்திரை போடலாம். கண்காணிப்பாளர் முன்னிலையில் ஏன்? நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தட்டினாலும் எழாமல் தூங்குவது யாருக்குத் தேவைப்படுகிறது?

13. ஆகவே தாங்கள், மாத்திரை உத்தரவைத் திங்கட்கிழமைக்கு முன் நிறுத்த வேண்டும். எங்கள் உறக்கத்தைக் காட்டும் கணினியை விடுதியை விட்டு வெளியே எடுக்க வேண்டும். அந்த இரவு சாவியை எடுத்தது யார், திரையைப் பார்த்தது யார் என்று மையத்துக்குச் சம்பந்தமில்லாத பெண் அதிகாரி ஒருவரை வைத்து விசாரிக்க வேண்டும். பட்டையை மாற்றிக் கட்டியதற்குத் தண்டனை உண்டென்றால் அது எனக்கு மட்டும் இருக்கட்டும். யோசனை தம்பியுடையது என்றாலும், எனக்காகத்தான் அதைச் செய்தார். பதிலைத் தயவுசெய்து விடுதி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். எங்களுக்கு வரும் தபால் பிரித்துத்தான் கைக்கு வருகிறது. தம்பி தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து பெற்றுக்கொள்வார்.

ஆணும் பெண்ணும் எப்படித் தூங்குகிறார்கள் என்று அறிய அறிவியல் ஆலோசகருக்கு உண்மையிலேயே விருப்பமிருந்தால், முதலில் இரண்டு விடுதிக் கதவுகளையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அளக்கட்டும். அதன் பிறகும் நாங்கள் குறைவாகத் தூங்கினால், இயல்பு என்று அவர் சொல்வதை நான் கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனுவுடன் ஒரு தாழ்ப்பாளும் வைத்திருக்கிறேன். பிடுங்கப்பட்டது போக, இது இரண்டாவதாக வாங்கியது. துறைக்குச் செலவு வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். பொருத்த எங்களுக்குத் தெரியும், திருப்புளியும் கையில் இருக்கிறது. பிடுங்கக் கூடாது என்று ஒரு வரி எழுதித் தங்கள் கையெழுத்தோடு இதைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

தங்கள் உத்தரவுக்காக விழித்திருக்கும்,

(ஒப்பம்)
கடைசிச் சுற்று ஓடுபவர்

(ஒப்பம்)
அறைத்தோழி, மூன்றாம் சுற்று ஓடுபவர்

இடம்: பெண்கள் விடுதி, இரண்டாம் தளம்
நாள்: வியாழக்கிழமை, மாத்திரை தொடங்கும் திங்களுக்கு முந்தைய வாரம்

இணைப்பு:
1. உறக்க அறிக்கையின் நகல்
2. சுற்றறிக்கையின் நகல்
3. தாழ்ப்பாள் ஒன்று, திருகாணிகளுடன்