போலீஸ் தொப்பி

இன்று காலை கோழியைத் தேடிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துப் பலகையில் மல்லாந்து கிடக்கும் உன் ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கொக்கரித்துக்கொண்டு இறங்கி ஓடியது. உள்ளே ஒரு முட்டை, இன்னும் சூட்டோடு. அதை எடுக்கக் குனிந்தபோது, பஞ்சில் உன் தேங்காய் எண்ணெய் வாசம்.

பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். தலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது உனக்குப் பயன்பட்டது. பச்சைக் கடலையைப் பிடுங்கி அதில்தான் போட்டுக்கொண்டு வருவாய். நாவல் பழம் பொறுக்கி வந்து உள்ளே எல்லாம் ஊதா நிறமாக்கி வைத்தாய். எங்கள் சவுக்குத் தோப்பில் வேலைக்குச் சேர்ந்ததும் நான் வாங்கிக் கொடுத்தது அது. வண்டியில் பெட்ரோல் டேங்க்தான் அதன் இடம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஏறும்போது தலையில் கவிழ்த்துக்கொள்வாய். சோதனை நடக்கும் இடம் தாண்டியதும் மறுபடி டேங்குக்கு வந்துவிடும். போலீஸ் தொப்பி என்று நீதான் பெயர் வைத்தாய்.

தோப்புக்குள்ளும் போட்டுக்கொள் என்பேன். "இங்க எந்த போலீஸு நின்னுகினு கீறாருக்கா? உங்க கோழியா புடிக்கப் போவுது?" என்பாய்.

அன்று நீ சாலைக்கே போகவில்லை. தோப்பு கேட்டில் யாரோ டீசல் கேன் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துவரக் கிளம்பினாய். வெட்டிய சவுக்கு அடுக்கியிருந்த திருப்பத்தில், மணலில் முன் சக்கரம் வழுக்கியது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. கிணற்றடியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு பல்லைக் காட்டப் போகிறாய் என்று நினைத்தேன். நீ எழவில்லை. விழுந்த இடத்தில் ஒரு சவுக்கு அடிக்கட்டை இருந்தது. ஹெல்மெட் மட்டும் உருண்டுபோய்க் கடலைச் செடிகளுக்கு நடுவில் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அம்மா அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஒரு கீறலுகூட இல்லியே" என்றார். வாரின் கொக்கியில் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று பிறகு என்னிடமே கொடுத்துவிட்டார்.

உன் வேலையை இப்போது உன் கூட்டாளி பார்க்கிறான். உன்னோடு சேர்ந்து கிணற்றில் குதித்துக் கும்மாளம் போடுவானே, அவன்தான். முட்டையை அவனிடம் காட்டினேன். "மச்சான் தொப்பில கோழி குடும்பம் நடத்துதாக்கா" என்று சிரித்தவன், பாதியில் நிறுத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வண்டியை உதைத்தான். அவன் ஹெல்மெட் டேங்கின் மேல் இருந்தது.

"மாட்டிக்கினு போடா" என்றேன். எனக்கே உன் பேச்சு வந்துவிட்டது.

"கேட்டு வரைக்கும்தானக்கா."

"அவனும் கேட்டு வரைக்கும்தான் போனான்."

வண்டியை அணைத்துவிட்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டினான். தாடைக்குக் கீழே கொக்கி 'டக்' என்று விழுந்தது.

தினமும் அந்தச் சத்தத்துக்காகக் காத்து நிற்கிறேன், தம்பி. அது கேட்ட பிறகுதான் கிணற்றடியை விட்டு நகர்கிறேன். உன் ஹெல்மெட்டிலிருந்து அந்தச் சத்தத்தை ஒருநாளும் நான் கேட்டதில்லை.