பதினாலாவது கையெழுத்து

கல்லடிக்குறிச்சி
10.7.2024

அன்புள்ள தம்பி அரியமுத்துவுக்கு அக்கா வேம்பு எழுதுவது. இங்கே நானும் மாடும் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளை புவனேஸ்வரியும் சுகமாக இருக்க வேண்டும்.

எத்தனை தடவை போன் போட்டும் நீ எடுக்கவில்லை. மாற்றலாகிப் பெரம்பலூர் போனதும் அக்காவை மறந்துவிட்டாயா என்ன? அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். அஞ்சாவது படித்த கை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். சக்தி இருந்தால் அவன் எழுதிக் கொடுத்திருப்பான்.

அவன் போய் இன்றோடு எண்பது நாள். ஏரிக்கரை ரோட்டில் சுரங்கத்து லாரி இன்னும் நிற்கவில்லை. காயப்போட்ட துணி சாயங்காலம் மாவு பூசினது மாதிரி இருக்கிறது. என் பிள்ளை மேல் ஏறிய லாரி எது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. எல்லாமே வெள்ளையாகத்தான் போகிறது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டு போனேன். அங்கிருந்த சார் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லித்தான் பேசினார். "கல்லு வெட்டுற அனுமதி சென்னை பாக்குறதும்மா. சுத்துச்சூழல் அனுமதி டெல்லி குடுத்தது. இந்த ரோடு ஒண்ணுதான் உங்க ஊராட்சிக்குச் சொந்தம். அதையும் தலைவர் நீங்களே குடுத்துட்டீங்களே" என்றார். நான் எங்கே கொடுத்தேன் என்று கேட்டேன். நகல் எடுத்துக் காட்டினார்.

ஜனவரி இருபத்தாறு கிராமசபை. நாலாவது தீர்மானம். ஏரிக்கரை ரோட்டில் லாரி போக ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று இருக்கிறது. அடியில் என் கையெழுத்து, என் சீல். அடுத்த தாளில் ஊர்ச்சனம் போட்டது. பதினாலாவது சக்தி. பதினெட்டு முடிந்து முதல் கூட்டம் என்று புதுச்சட்டை போட்டு வந்தான், ஞாபகம் இருக்கிறதா? பேருக்குக் கீழே ஒரு கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைப்பான். அதுவும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது, தம்பி. "நீ போட்டுட்டுப் போக்கா, தீர்மானத்த நான் அப்புறம் எழுதிக்கிறேன்" என்றாய். செயலர் நீ, என் கூடப்பிறந்தவன். குடிதண்ணீர், நூறு நாள் வேலை எல்லாத்துக்கும் நாலு வருஷமாக அப்படித்தானே போட்டேன்.

நீ எழுதினாயா என்று நான் கேட்கவில்லை. உன் கையைப் பிடித்து சிலேட்டில் எழுத வைத்தவளுக்கு உன் எழுத்து தெரியாதா? ஏன் எழுதினாய் என்று மட்டும் சொல்லு.

உன் அக்கா
வேம்பு


பெரம்பலூர்
24.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் பதிவாகிவிடும் என்று பயம். வேறு ஒன்றும் இல்லை. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

கூட்டம் முடிந்த சாயங்காலம் துணைத் தலைவர் பஞ்சநாதன் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அவர் லாரிகளும் அந்தச் சுரங்கத்துக்கு ஓடுகின்றன. "உங்க அக்கா கையெழுத்து இருக்குல்ல, இத மேல ஏத்து" என்றார். ஏற்றினேன். மறுத்திருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது. தலைவர் பதவியை நம் தெருவுக்கு ஒதுக்கினார்கள், சரி. ஆபீஸ் சாவி யார் இடுப்பில் இருந்தது? நீ அந்த நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்தாய்?

ஒரு ரோடுதானே என்று நினைத்தேன். நம் பிள்ளை அதில் போவான் என்று நினைக்கவில்லை. நான் சோறு தின்கிற லட்சணத்தை உன் தம்பி பெண்டாட்டியிடம் கேட்டுப் பார்.

ஆகஸ்ட் பதினைந்து கூட்டத்தில் வெற்றுப் பக்கத்தைப் பற்றி வாய் திறக்காதே, அக்கா. கேஸ் என்று வந்தால் உன் பேரும் சேர்ந்துதான் வரும். புவனா நர்சிங் மூணாவது வருஷம். சக்தி திரும்பி வரப்போவதில்லை.

தம்பி
அரியமுத்து


கல்லடிக்குறிச்சி
2.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். பயப்படாதே.

அந்த சாரை மறுபடி பார்த்தேன். தீர்மானத்தைக் கூட்டத்தில் படிக்கவே இல்லை என்று எழுதின ஆளே சொன்னால் ரத்து பண்ண வழி இருக்கிறதாம். என் ஒருத்தி பேச்சு போதாதாம். பதினைந்தாம் தேதி அவரே வருகிறார், உனக்கும் ஆள் அனுப்புவார். நீ எழுந்து சொல்லு. நானும் கூட நின்று சொல்கிறேன். தண்டனை ரெண்டு பேருக்கும் வரட்டும்.

மார்கழியோடு என் பதவி முடிகிறது. அதற்குப் பிறகு தேர்தல் எப்போது வருமோ, அதுவரை ஆபீசர் ஒருத்தர் வந்து உட்காருவார் என்கிறார்கள். என்னை நிற்கச் சொன்னவன் நீ. "நம்ம ஊர நாமளே ஆளப்போறோம்க்கா" என்று சொல்லி சைக்கிளில் வைத்து மனுப்போட அழைத்துப் போனாய். ஆண்டதற்கு இந்த ரோட்டையாவது திரும்ப வாங்கிவிட்டுப் போகிறேன்.

சக்தி மேல் பிறந்த வீட்டுக் கோடி போட்டவன் நீ. அன்றைக்கு நீ அழுத அழுகை பொய்யில்லை. அதனால்தான் கேட்கிறேன். வரும்போது புவனாவையும் கூட்டி வா. கம்பு இடித்து வைத்திருக்கிறேன்.

அக்கா
வேம்பு


கல்லடிக்குறிச்சி
16.8.2024

அரியமுத்துவுக்கு,

நேற்று நீ புவனாவைக் கூட்டி வரவில்லை. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தாய். நீ வந்ததே போதும் என்று இருந்தது எனக்கு.

நான் எழுந்து சொன்னதை நீ கேட்டாய். படிக்காமல்தான் போட்டேன், பக்கம் வெறுமையாக இருந்தது, அது என் தப்பு, என் பிள்ளையும் அதில் போட்டான் என்றேன். பஞ்சநாதன், சீலும் தானா நடந்து வந்து குத்திக்கிச்சா என்று கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை.

சார் உன்னைக் கேட்டார். நீ தரையைப் பார்த்துச் சொன்னாய்.

"வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன் சார். மகன் போனதுலேருந்து அக்காவுக்கு எதுவும் நெனவுல நிக்கிறதில்ல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நம் தெருப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி. தீர்மானத்தை ரத்து பண்ணக் கையெழுத்துப் போடுகிறோம் என்று வந்தவர்களும் எழுந்து போய்விட்டார்கள். என்னோடு நின்றது ஒன்பது பேர். நூறு பேராவது வேண்டுமாம். லாரி இன்று காலையிலும் போகிறது.

உன் கடிதம் அப்போது என் மடியில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். கை மடி வரைக்கும் போனது. காட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தேனே, என் எழுத்துக்காவது நான் நிற்க வேண்டாமா? அதை இத்துடன் வைத்திருக்கிறேன். கிழிப்பாயோ, அந்த சார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாயோ, உன் பாடு.

சித்திரையில் சக்திக்கு வருஷம் வருகிறது. கோடி எடுத்துக்கொண்டு வராதே. பிறந்த வீடு இல்லாதவளாக இருந்து செய்துகொள்கிறேன்.

நேற்று கடைசியில் தீர்மான நோட்டு என்னிடம் வந்தது. எழுதி முடித்த பிறகுதான் வாங்கினேன். முழுக்க எழுத்துக் கூட்டிப் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று, எல்லாரையும் நிற்க வைத்தேன். கடைசி வரிக்குக் கீழே வெறுமையாகக் கிடந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

இந்தத் தாளிலும் கீழே இடம் இருக்கிறது. அதனால் இதிலும் இழுக்கிறேன்.

————————————

ரா. வேம்பு