சுவரில் ஒட்டிய மாடி வீடு

தோட்டப் பாடசாலை,
ஓப்பநாயக்க.
திங்கள் காலை

அன்புள்ள லக்ஷிகா அப்பாவுக்கு,

சீதாதேவி எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை நீங்களே ஒரு நாளைக்கு மூன்று தரம் போனில் சொல்லிவிடுவதால் நான் கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்போடு விட்ட எழுத்து இது. கோழி கிளறிய மாதிரி இருக்கும், சிரிக்காமல் படியுங்கள். வேறு வழியில்லை. போனில் நான் மழை என்று ஆரம்பித்தாலே, கெட்டதை வாயால் சொல்லாதே, சொன்னால் நடந்துவிடும் என்று வெட்டிவிடுகிறீர்கள். பிள்ளை பேசினால், அம்மா சொல்லித் தந்ததைப் பேசாதே என்கிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாது பாருங்கள். கடைக்கார கபூர் நானாவின் மகன் லாபிர் இன்று இரவு தோஹாவுக்கு பிளேன் ஏறுகிறான். நாளைக் காலையில் உங்கள் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் யூடியூபில் கேட்கும் அந்த ஐயா சொன்னபடியெல்லாம் செய்தேன். நீங்கள் அனுப்பிய மாடி வீட்டுப் படத்தைப் பார்த்து, இது என் வீடு என்று காலையும் மாலையும் நூறு தரம் சொன்னேன். எண்ணிக்கொண்டே நின்றதில் இரண்டு நாள் சோறு குழைந்தது. கோதுமை மாப் பசை போட்டுப் படத்தை அடுப்படிச் சுவரில், வெடிப்பின் மேலேயே ஒட்டினேன். வெடிப்பும் மறையும், வீடும் வரும் என்று ஒரு நினைப்பு.

வியாழக்கிழமை தேத்தண்ணி போடும்போது பார்க்கிறேன், மாடி வீடு நடுவால் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. பிள்ளைதான் கிழித்தாள் என்று அவளுக்கு ஓர் அறை வைத்தேன். பாவம். வெள்ளிக்கிழமை அந்தக் கிழிசலுக்குள் என் சுண்டுவிரல் போனது. சனிக்கிழமை இரண்டு விரல். நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மலையும் வெடித்திருக்கிறது, மண் சரியலாம் என்று கிராம சேவகர் வந்து எல்லோரையும் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். பத்துக் காம்பரா வீட்டு ஆட்களும் இப்போது இந்த ஸ்கூலில்தான்.

உங்கள் அப்பாவைத் தவிர.

நம்புறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, நீங்க எழும்பினா வர்ற வீடும் வராது என்று நீங்கள் சொன்னீர்களாம். கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கிழிந்த படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தூக்கி வரப் போனவர்களிடம் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் காட்டியிருக்கிறார். நானும் போய், மாமா, அந்த யூடியூப் ஐயாவ ஒரு கிழமை இந்தக் காம்பராவுல படுக்கச் சொல்லுங்க, அப்புறம் நம்புவோம் என்றேன். சிரித்தார். எம்மவன் சொல்லட்டும், வாறேன் என்றார்.

நல்லதை நினைப்பது தப்பில்லை. உங்களுக்குக் கழுத்தை நீட்டும்போது நானும் நல்லதைத்தான் நினைத்தேன். ஆனால் மலை யூடியூப் பார்ப்பதில்லை.

இதைப் படித்ததும் அவருக்குப் போன் எடுங்கள். எழும்பி வாங்கப்பா என்று மட்டும் சொல்லுங்கள், போதும். பிறகு என்னோடு ஒரு மாதம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவருடைய போனை இங்கே சார்ஜ் போட்டுத்தான் கொண்டுபோகிறேன்.

இரண்டு வேளையும் சோறு நான்தான் கொண்டுபோகிறேன். நேற்று வழியில் முழங்கால் மட்டத்துக்குச் சேறு. நாளைக்கும் போவேன். மாமா மெதுவாக, ஆறுதலாகத்தான் சாப்பிடுவார், உங்களுக்குத் தெரியும்தானே. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நானும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

முருகன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்க வேண்டாம். போனை மட்டும் எடுக்க வைக்கட்டும்.

இப்படிக்கு,
கெட்டதையே பேசும் உங்கள்
சீதாதேவி