யார் விட்டுக்கொடுத்தார்?

வாலென்சியா
4.6.2025

அன்புள்ள ஜெனிக்கு,

நான் சுகம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபாலில் அனுப்புகிறேன். இத்துடன் இருப்பது விசாத் தாள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. படித்துக் குழம்பாதே. குற்றாலத்துக்கு ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகிறாயாமே, அத்தை சொன்னார்கள். உனக்கு எதற்கு அந்த வேலை?

பிரியமுடன்,
பெலிக்ஸ்

தென்காசி
20.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. நம் பிள்ளை கிருபாவுக்குச் சளி, இப்போது பரவாயில்லை.

போன வருடம் நான் போனில் தப்பும் தவறுமாக ஸ்பானிஷ் பேசியதைக் கேட்டு, "ஏட்டி, 'நான் பேசுதேன்'ங்கியா, 'அவன் பேசுனான்'ங்கியா?" என்று நண்பர்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் வகுப்பில் சேர முடிவெடுத்தேன். ரஹ்மத்துன்னிசா டீச்சர் மேசையில் தட்டித் தட்டிச் சொல்லித் தருகிறார். வினைச்சொல்லை அசை அசையாகப் பிரிக்க வேண்டும். அழுத்தம் இடம் மாறினால் ஆளே மாறிவிடும்.

உங்கள் தாளையும் அப்படித்தான் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் 'ரெ-நுன்-சியோ'. அழுத்தம் நடு அசையில். 'நான் விட்டுக்கொடுக்கிறேன்' என்று பொருள். எதை? கிருபாவை வளர்க்கும் உரிமையை! இது விசாத் தாள் இல்லை, விவாகரத்துத் தாள். கையெழுத்துப் போடமாட்டேன்.

ஜெனி

வாலென்சியா
8.7.2025

ஜெனி,

கோபப்படாதே. வக்கீல் ஆபீஸில் நடந்த பிழை. கடைசி எழுத்தின் மேல் ஒரு கோடு விட்டுப்போயிற்று. கோடு இருந்தால் அழுத்தம் கடைசி அசைக்குப் போய், 'அவர் விட்டுக்கொடுத்தார்' என்றாகும். அவர் என்றால் நான்தான். விவாகரத்து வேண்டும் என்பது உண்மை, சொல்லத் தைரியம் வரவில்லை. ஊருக்குத் தெரியுமுன் முடித்துவிடு. தனியாக நீ எப்படிச் சமாளிப்பாய்?

பெலிக்ஸ்

தென்காசி
25.7.2025

பெலிக்ஸ் அவர்களுக்கு,

கோடுதான் விட்டுப்போயிற்று என்றால் நல்லது. அதை நானே போட்டு, முன்னால் உங்கள் பெயரையும் எழுதி, அதே தாளை அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கையெழுத்திடுங்கள், நானும் இடுகிறேன். விவாகரத்து தருவேன். பிள்ளையைத் தரமாட்டேன். உங்கள் கடிதம் வக்கீல் உமா மகேஸ்வரியிடம் இருக்கிறது. "கைப்பட எழுதிக் குடுத்திருக்காருல்லா, இனி மாத்திப் பேச முடியாது" என்றார்.

ஊருக்கு நானே சொல்லிவிட்டேன். ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அம்மா அழுதார்கள். "அழாதீங்கம்மா, ஏமாத்துனது நாம இல்ல" என்றேன், நாலு பேர் காதில் விழும்படியே. திங்கட்கிழமை முதல் டீச்சரோடு நானும், ஸ்பெயினுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்கு வகுப்பெடுக்கிறேன்.

நேற்று கிருபாவுக்கு முன்பல் விழுந்தது. "அப்பாட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு கடிதத்திலும் அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்ல? "அவரு கேக்கட்டும்ட்டி, அப்பம் சொல்லுவோம்" என்றேன்.

ஜெனி